மூடுபனிக்குள் ஒரு டென்னிஸ் மைதானம்: செர்பியாவில் ஆறு நாள்

மே 24, 2024, வெள்ளி – மியூனிக், பெல்கிரேட்

மியூனிக் விமான நிலையத்துக்குப் போகும் எஸ்1 ரயிலில் ஓபர்ஷ்லைஸ்ஹைம் என்று ஒரு நிறுத்தம் வரும். எட்டு வருஷமாக அந்த வழியில் போய் வருகிறேன், ஒருநாளும் தலை தூக்கிப் பார்த்ததில்லை. இன்றைக்கு மகள் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "அப்பா, இங்கேதானே?" என்றாள்.

இங்கேதான். செர்பிய டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச் 12 வயதில், 1999 செப்டம்பரில், பெல்கிரேடில் இருந்து வந்து சேர்ந்த ஊர் இது. நிக்கி பிலிச்சின் டென்னிஸ் அகாடமி இங்கே இருந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை பிலிச் சேர்த்துக்கொள்வதில்லை, இந்தப் பையனுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார். அப்பா அம்மா கூட இல்லை. முதலில் பெரியப்பாவோ சித்தப்பாவோ, அப்பாவுடன் பிறந்த கோரான் கொண்டுவந்து விட்டுப் போனார். அதன்பின் நாலு வருஷம், ஒரு தடவை வந்தால் மாதக்கணக்கில் இங்கேயே.

இந்தப் பயணம் சுற்றிப் பார்ப்பதற்காக இல்லை. மகளுக்கு இப்போது 11 வயது. போன மாதம் அவளுடைய கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று. இனி அவளை வேறு இடத்தில் சேர்த்துவிடுங்கள்" என்றார். அவர் சொன்ன இடம் விடுதியோடு சேர்ந்த அகாடமி. அன்றிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் சரியான தூக்கமில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டதும், மகள்தான் "ஜோகோவிச் சின்ன வயசில் விளையாடின இடமெல்லாம் பார்க்கணும்" என்றாள். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் கிளம்பிவிட்டோம்.

பெல்கிரேடில் டாக்ஸி ஓட்டுநர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். மகளின் தோளில் ராக்கெட் பையைப் பார்த்ததும், "நோவாக் தோற்றுவிட்டார், தெரியுமா?" என்றார். இன்று ஜெனீவா அரையிறுதியில் செக் வீரர் மாஹாச்சிடம் தோல்வி. "வயிறு சரியில்லையாம்" என்று, சொந்தத் தம்பிக்கு உடம்பு முடியாதது போலச் சொன்னார். ஜோகோவிச்சுக்குப் புதன்கிழமைதான் 37 முடிந்தது.

மே 25, சனி – புதிய பெல்கிரேட்

காலையில் தெருமுனை பேக்கரியில் புரெக். வீச்சுப் பரோட்டா மாவைப் போல மெல்லியதாக இழுத்து, நடுவில் பாலாடைக்கட்டி வைத்து, பெரிய வட்டத் தட்டில் சுட்டு, கத்தியால் நாலாக வெட்டித் தருகிறார்கள். கால்வட்டம் 190 தினார், கூடவே குடிக்கிற தயிர் 70. ஒரு யூரோவுக்கு 117 தினார் வாக்கில் கிடைக்கிறது. தயிர் வேண்டாம் என்று மகள் தலையாட்டினாள். கடைக்காரப் பெண் விடவில்லை. ஒரு கடி, ஒரு மடக்கு என்று தானே செய்து காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. தயிர் இல்லாமல் புரெக்கின் எண்ணெய் நெஞ்சிலேயே நிற்கும்.

பஸ்ஸில் ஒரு சங்கடம். டிக்கெட்டைக் கைபேசிச் செய்தி அனுப்பி வாங்க வேண்டியிருந்தது, வெளிநாட்டு சிம்மில் அது போகவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி ஒன்றும் பேசாமல் தன் கைபேசியிலிருந்து இரண்டு தடவை அனுப்பிவிட்டு, வந்த பதிலை எனக்குக் காட்டினாள். ஆளுக்கு 50 தினார். நான் நீட்டிய 100 தினார் தாளை வாங்கவே இல்லை. "விருந்தாளி" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

போனது ஒரு நீச்சல் குளத்துக்கு. '11 ஏப்ரல்' விளையாட்டு மையம். டென்னிஸ் பார்க்க வந்து நீச்சல் குளம் எதற்கு என்றால், காரணம் செர்பிய டென்னிஸ் வீராங்கனை அனா இவானோவிச். டென்னிஸ் வீராங்கனை மோனிகா செலஸின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து மயங்கி, ஒரு டென்னிஸ் பள்ளியின் விளம்பரத்தில் வந்த தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு பெற்றோரை நச்சரித்த ஐந்து வயதுப் பெண். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைகள், பணவீக்கம். குளத்துத் தண்ணீரைச் சூடாக்க மையத்திடம் காசில்லை. அதனால் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் கம்பளம் விரித்து, வலை கட்டிக் குளிர்காலம் முழுக்க அதில் டென்னிஸ் ஆடினார்கள்.

வாசலில் இருந்த அம்மாள் நீல நிற பிளாஸ்டிக் உறையைக் காலணிக்கு மேலே மாட்டச் சொல்லி எங்களைப் பார்வையாளர் படிக்கட்டுக்கு அனுப்பினார். குளம் நிறையத் தண்ணீர், குளோரின் நெடி, பொடிசுகள் காலால் அடித்த தண்ணீர் எங்கள் முகம் வரைக்கும் தெறித்தது. சுவர் கோர்ட்டின் பக்கக் கோட்டுக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் பந்தைக் குறுக்காக, கிராஸ் கோர்ட் அடிக்கவே வழியில்லை, அதனால் கோட்டையொட்டி நேராக அடிக்கப் பழகினேன் என்று இவானோவிச் பிறகு சொல்லியிருக்கிறார். அதை மகளிடம் சொன்னேன். அவள் எழுந்து, ஒற்றையர் கோர்ட்டின் அகலமான 8.23 மீட்டரைக் குளத்தின் மேல் கண்ணாலேயே அளந்தாள். அப்புறம் கையை வீசிப் பார்த்தாள், இடது பக்கம் சுவர் இருப்பது போல நினைத்துக்கொண்டு முழங்கையை உடம்போடு ஒட்டி. "சுவத்துல கை இடிக்கும்பா" என்றாள்.

இந்தக் குளத்தில் பழகிய பெண் 2008-ல் பிரெஞ்சு ஓப்பன் வென்று உலக முதலிடத்துக்குப் போனார். அதே ஆண்டு ஜனவரியில் ஜோகோவிச் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றிருந்தார். ஆண்டு முடியும்போது பெண்கள் தரவரிசையில் முதலிடம் இன்னொரு பெல்கிரேடுக்காரியான யெலெனா யாங்கோவிச்சுக்கு. சுமார் 17 லட்சம் பேர் வாழும் ஊர் இது.

மே 26, ஞாயிறு – பான்யிட்சா

க்னெஸா மிலோஷா தெருவில் பழைய ராணுவத் தலைமையகம் இன்னும் பிளந்தபடியே நிற்கிறது. தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, கம்பிகள் வெளியே தொங்க. 1999 மார்ச் 24-ல் தொடங்கி 78 நாள் நேட்டோ விமானங்கள் குண்டு வீசின. எதிர்த்த நடைபாதையில் ஒரு தம்பதி குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பான்யிட்சா தெற்கே இருக்கிற குடியிருப்புப் பகுதி. சாம்பல் நிற அடுக்குமாடிகள், நடுவில் நிறைய மரங்கள். ஜோகோவிச்சின் தாத்தா விளாதிமிர் இங்கே குடியிருந்தார். குண்டுவீச்சு நாட்களில் ராத்திரி சங்கு ஊதியதும் குடும்பமே கீழ்த்தளக் காப்பறைக்கு ஓடும். பையனுக்கு அப்போது வயது 11. பகலில் பள்ளிக்கூடம் கிடையாது, ஆகவே நாள் முழுக்க டென்னிஸ். அவருடைய ஆசிரியை யெலெனா கென்சிச், நேற்று எங்கே குண்டு விழுந்ததோ அந்தப் பகுதி மைதானத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாராம். அடுத்தடுத்த நாள் அதே இடத்தில் போட மாட்டார்கள் என்ற கணக்கு. ஒரு பயிற்சி ஆசிரியை போடுகிற கணக்கா இது?

மத்தியானம் இடி மழை. ஒரு கட்டட முகப்பில் ஒதுங்கி நின்றோம். அங்கே பெஞ்சில் இருந்த பாட்டி, பையில் இருந்த செர்ரிப் பழத்தை மகள் மடியில் கொட்டினார். காம்போடு இரட்டை இரட்டையாக இருந்ததைப் பிரித்து அவள் காதில் தோடு போல மாட்டிவிட்டார். எங்களுக்கு செர்பிய மொழி தெரியாது, அவருக்கு வேறு மொழி தெரியாது. மழை விடுகிற வரை அரை மணி நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

சாயங்காலம் பார்ட்டிசான் கிளப் பக்கம். 1999 மே 22-ல் பையனின் 12-வது பிறந்தநாளுக்கு இங்கே எல்லோரும் நின்று வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே போர் விமானங்கள் போயின. மழை நின்ற செம்மண் கோர்ட்டில் வலைப் பாய் இழுத்துச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற மகளை அவள் வயதுப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். இருபது நிமிஷம் அடித்தார்கள். திரும்பி வரும்போது வெள்ளைக் காலுறை செங்கல் நிறம். "துவைக்கக் கூடாதுப்பா" என்று எச்சரித்துவிட்டாள்.

ராத்திரி செவாப்பி. விரல் நீளத்துக்குச் சுட்ட இறைச்சி பத்து, ரொட்டி, நறுக்கின வெங்காயம், காய்மாக் என்கிற ஏடு. 780 தினார். இரண்டு பேருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

மே 27, திங்கள் – கோபவோனிக் போகும் வழி

கோபவோனிக் என்ற பனிச்சறுக்கு மலைக்குக் கிளம்பினோம். இன்றைய நாள் பஸ்ஸோடு போயிற்று. க்ருஷெவாட்ஸ் தாண்டி ப்ரூஸ் என்ற சிற்றூரை நெருங்கும்போது எஞ்சினில் புகை. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார். அதிலேயே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாற்று பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. பயணிகள் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. ஒரு அம்மாள் சூட்கேஸைத் திறந்து வீட்டு ரொட்டியை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பழைய கார் ஒன்று நின்றது. ஓட்டியவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். நாங்கள் இருவரும் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, ஜெர்மன் தெரியுமா என்று ஜெர்மனில் கேட்டார். ஸ்டுட்கார்ட்டில் 22 வருஷம் தொழிற்சாலை வேலை பார்த்தவராம். மலை ஏறுகிற வழியெல்லாம் பேச்சு. பனிச்சறுக்குப் பருவத்தில் ஜோகோவிச் குடும்பத்தை மேலே பார்த்திருக்கிறார். அப்பா சர்ஜான் பனிச்சறுக்கு வீரர், சொல்லிக் கொடுக்கவும் செய்வார். மேலே 'ரெட் புல்' என்ற பெயரில் பீட்சாக் கடை வைத்திருந்தார்கள்.

நான் அவரிடம் அந்தப் பத்து மார்க் கதையைக் கேட்டேன். ஜோகோவிச் பேட்டிகளில் சொன்னதுதான். ஒருநாள் அப்பா குடும்பத்தைக் கூட்டி வைத்து, பத்து ஜெர்மன் மார்க் தாளை மேசையில் வைத்து, நம்மிடம் இருப்பது இவ்வளவுதான் என்றார். பையனை வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்ப அதிக வட்டிக்குக் கடன் வாங்கியிருந்த நேரம். பெரியவர் கொஞ்ச நேரம் வண்டியை ஓட்டினார். பிறகு, "அந்த வருஷங்களில் எல்லா வீட்டு மேசையிலும் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் கடன் வாங்கியாவது பிள்ளையை அனுப்பியவர்கள் குறைவு" என்றார்.

விடுதி வாசலில் இறக்கிவிட்டு, பெட்ரோலுக்குக்கூடப் பணம் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு அதே வழியாகக் கீழே போனார். அவர் வீடு ப்ரூஸில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களுக்காகவே மேலே வந்திருக்கிறார்.

மே 28, செவ்வாய் – கோபவோனிக்

1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். மே மாதக் கடைசியில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே வர முடியவில்லை. ஜன்னலைத் திறந்தால் வெள்ளை. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாத மூடுபனி. பனிச்சறுக்கு முடிந்துவிட்டதால் ஊரே காலி, அறை வாடகை 4,500 தினார்தான்.

விடுதிக்கார அம்மாள் உட்கார்ந்ததும் ஒரு சின்னத் தட்டில் ஸ்லாட்கோ கொண்டுவந்தார். சர்க்கரைப் பாகில் ஊறிய காட்டுப் பழம், ஆளுக்கு ஒரு ஸ்பூன், கூடவே ஒரு டம்ளர் தண்ணீர். வந்தவர்களுக்கு முதலில் இதைக் கொடுப்பதுதான் முறை. அதன்பின் கச்சமாக். மக்காச்சோள மாவைக் கிண்டி, காய்மாக்கை மேலே உருக விட்டது. ஒரு வாய் வைத்ததும் எனக்கு எங்கள் ஊர்க் கேழ்வரகுக் களி ஞாபகம் வந்துவிட்டது. அதே மரத் துடுப்பு, அடிபிடிக்காமல் கிண்டுகிற அதே பாடு.

பத்து மணிக்கு, "மைதானம் எங்கே?" என்று கேட்டேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கையைத் தாண்டி ஒன்றுமே தெரியவில்லை. நடந்து போய்க் கம்பிவேலி கைக்குத் தட்டுப்பட்ட இடத்தில் நின்றோம். உள்ளே ஒரு வலைக் கம்பம் நிழல் மாதிரி. இரண்டாவது கம்பம் தெரியவில்லை.

1993-ல் ஒரு பையன் இப்படித்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வயது ஆறு. பீட்சாக் கடைக்கு எதிரே மைதானம், அங்கே கோடைகாலப் பயிற்சி முகாம். நடத்தியவர் கென்சிச், மோனிகா செலஸைச் சிறு வயதிலேயே கண்டெடுத்தவர். வேலியோரம் நிற்கிற பையனைப் பார்த்து, விளையாட ஆசையா என்று கேட்டார். மறுநாள் இரண்டு மணிக்கு வரச் சொன்னால் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றான். பையைத் திறந்து பார்த்தால் ராக்கெட், துண்டு, தண்ணீர்ப் புட்டி, வாழைப்பழம், மாற்றுச் சட்டை, மணிக்கட்டுப் பட்டை. அம்மா எடுத்து வைத்ததா என்று கேட்டதற்கு, நானேதான், தொலைக்காட்சியில் பார்த்தேன் என்றான். மூன்றாம் நாள் கென்சிச் பெற்றோரிடம் போய், உங்களிடம் இருப்பது தங்கக் குழந்தை, 17 வயதில் உலகின் முதல் ஐந்து பேரில் ஒருவனாக இருப்பான் என்று சொல்லிவிட்டார். நன்றாகச் சம்பாதிக்கிற பெற்றோர்கூடக் கேட்டால் நடுங்கிப் போகிற வார்த்தை இது.

ஆறு வருஷம் சொல்லிக் கொடுத்தார். டென்னிஸோடு நிற்கவில்லை. செவ்வியல் இசை கேட்க வைத்தார், புஷ்கின் கவிதைகள் வாசிக்க வைத்தார். அப்புறம், இவன் இனி என் கையில் வளரமாட்டான் என்று தெரிந்ததும் தானே பிலிச்சைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார். இந்த இடத்தில்தான் வேலியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். ஜோகோவிச்சின் கதையைச் சொல்பவர்கள் அப்பாவின் கடனைச் சொல்கிறார்கள், குண்டுவீச்சைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்புதான் எல்லாவற்றிலும் பெரியதாகத் தெரிகிறது. பிள்ளை இல்லாத பெண்மணி, ஆறு வருஷம் தன் பிள்ளை மாதிரி வளர்த்த பையன், உலகத்தை ஜெயிப்பான் என்று மற்ற எல்லோருக்கும் முன்னால் சொன்னவர். கூடவே வைத்துக்கொண்டிருக்கலாம். அனுப்பி வைத்தார்.

போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்ட கோச்சின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் எங்களைக் கழித்துக் கட்டப் பார்க்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். வீட்டில் கோபமாகக்கூடப் பேசினேன்.

ராத்திரி விடுதியின் கீழ் அறையில் தொலைக்காட்சி. பிரெஞ்சு ஓப்பன் முதல் சுற்று, ஜோகோவிச்சும் பிரான்சின் எர்பேரும். விடுதிக்கார அம்மாள், அவருடைய தம்பி, சமையல்காரர், நாங்கள். முதல் செட் 6-4. இரண்டாவது டைபிரேக் வரை போனபோது அம்மாள் பின்னலை நிறுத்திவிட்டு ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது முடிவதற்குள் மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். மூன்றாவதும் 6-4. சமையல்காரர் எழுந்து எல்லோருக்கும் அவுரிநெல்லிச் சாறு ஊற்றினார், அதற்குக் கணக்கு எழுதவில்லை.

மே 29, புதன் – பெல்கிரேட், மியூனிக்

கிளம்புகிற நேரத்தில் பனி விலகிவிட்டது. மலை, காடு எல்லாம் பளிச்சென்று. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மைதானத்தைத் திரும்பப் போய்ப் பார்க்க நேரமில்லை. மகளுக்கு வருத்தம்தான். இன்றைக்கு பஸ் நல்லபடியாக ஓடியது.

விமானத்துக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்ததால் தானூப் நதியோரம் தோர்ச்சோலுக்குப் போனோம். ஜோகோவிச் குடும்பத்தின் டென்னிஸ் மையம் அங்கே இருக்கிறது. காபி 220 தினார். நதிக்காற்று நன்றாக வீசியது. மகள் கேட்டாள்: "அந்த டீச்சர் சொன்ன மாதிரி 17 வயசுல டாப் ஃபைவ் வந்தாரா?"

வரவில்லை. 2003-ல் தொழில்முறைக்கு வந்து, 16 வயதில் இதே பெல்கிரேடில் நடந்த ஃப்யூச்சர்ஸ் என்கிற கீழ்நிலைத் தொழில்முறைப் போட்டியை வென்றார். 2004-ல் புடாபெஸ்டில், அதற்கு அடுத்த படியான சேலஞ்சர் போட்டியில் முதல் பட்டம். 17 வயதில், 2005 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்று தாண்டி முதல்முறையாகக் கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பிரதான சுற்றுக்கு வந்தார். எதிரே மராட் சாஃபின். 6-0, 6-2, 6-1. அந்தத் தொடரையே சாஃபின்தான் வென்றார். அடுத்த வருஷம் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்து அந்த நாட்டுக்காக ஆடுவதா என்று குடும்பம் பேச்சு நடத்துகிற அளவுக்குப் பண நெருக்கடி. கடைசியில் போகவில்லை. 2006 ஜூலையில் நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட்டில், ஆண்களுக்கான முதன்மைத் தொடரான ஏடிபியில் முதல் பட்டம். இறுதியில் சிலியின் மாசுவை வென்றார். ஒரு வருஷம் கழித்து, 20 வயதில் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆமர்ஸ்ஃபோர்ட் போட்டியின் உரிமத்தைக் குடும்பமே விலைக்கு வாங்கி, 2009-ல் பெல்கிரேடுக்குக் கொண்டுவந்து, செர்பியா ஓப்பன் என்று இந்தத் தோர்ச்சோல் மைதானங்களில் நடத்தினார்கள். முதல் வருஷமே ஜோகோவிச் வென்றார். பத்து மார்க் தாள் மேசையில் இருந்த வீடு அது.

"அப்போ டீச்சர் மூணு வருஷம்தான் தப்பா சொல்லியிருக்காங்க" என்றாள் மகள்.

கென்சிச் 2013 ஜூனில் காலமானார், அவருடைய மாணவன் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் ஆடிக்கொண்டிருந்தபோது. மூன்றாவது சுற்று ஆட்டம் முடிகிற வரை செய்தியை அவரிடம் மறைத்துவைத்தார்கள்.

மியூனிக்கில் இறங்கி எஸ்1 ஏறும்போது இருட்டிவிட்டது. ரயில் ஓபர்ஷ்லைஸ்ஹைமில் நின்றது. கதவு திறந்து மூடியது, யாரும் ஏறவில்லை. மகளின் கோச்சுக்குச் செய்தி எழுதினேன்: நீங்கள் சொன்ன அகாடமியில் யாரைப் பார்க்க வேண்டும், எப்போது போகலாம்? அன்றைக்கு நான் பேசிய விதத்துக்கு மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது: "சனிக்கிழமை காலை பத்து மணி. நானும் கூட வருகிறேன்."